ஒரு நாளைக்கு எத்தனை வார்த்தை?

கேள்வி: வணக்கம் டீச்சர். எனக்கு ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூ படிக்கிறேன், தமிழ் மீடியம். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படிக்க ஆசை. அதற்கு க்யூட் என்ற நுழைவுத் தேர்வு எழுதவேண்டும். பாடங்களைச் சமாளித்துவிடுவேன், ஆங்கிலம்தான் பயமாக இருக்கிறது. மூவாயிரம் வார்த்தை உள்ள புத்தகம் ஒன்று வாங்கி, ஒரு நாளைக்கு ஐம்பது என்று மனப்பாடம் செய்கிறேன். பத்து நாள் கழித்துப் பார்த்தால் ஏழெட்டுதான் நிற்கிறது. மாதிரித் தேர்வில் ஐம்பதுக்குப் பதினான்கு சரி. தஞ்சாவூரில் படிக்கிற என் மாமா பையன், தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு நான்கு மாதத்தில் வொக்காபுலரி வரவே வராது என்கிறான். ஒரு நாளைக்கு எத்தனை வார்த்தை படிக்கவேண்டும்? காசு கட்டி ஆப் வாங்கலாமா? பேசாமல் மொழித்தாளுக்குத் தமிழையே எடுத்துவிடட்டுமா?

பதில்: அன்புள்ள மகளுக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் நீ முடிவு செய்யவேண்டியது அதுதான். க்யூட்டில் மொழித்தாளைப் பதின்மூன்று மொழிகளில் எழுதலாம், தமிழும் அதில் உண்டு. எந்தப் படிப்புக்கு எந்தத் தாள் வேண்டும் என்பதை அந்தந்தப் பல்கலைக்கழகம்தான் அறிவிக்கும். நீ சேர நினைக்கும் படிப்புக்கு நேராக என்ன போட்டிருக்கிறார்கள் என்று இந்த வருஷத்து அறிவிப்பை எடுத்து, வரிக்கு வரி படி. தமிழ் போதும் என்று இருந்தால் தாராளமாகத் தமிழை எடு. வேதியியல், இயற்பியல் கேள்வித்தாளையும் தமிழில் கேட்டு வாங்கலாம், அதை விண்ணப்பத்திலேயே குறிப்பிடவேண்டும். ஆனாலும் ஆங்கில வார்த்தைகளை விட்டுவிடாதே. அங்கே போய்ச் சேர்ந்த பிறகு உன் முன்னால் விரிகிற புத்தகங்கள் ஆங்கிலத்தில்தான் இருக்கும்.

சரி, வார்த்தைக்கு வருவோம். ஒரு நாளைக்கு ஆறு. ஐம்பது வேண்டவே வேண்டாம்.

எனக்கும் இது ஒரே நாளில் புரிந்துவிடவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், திங்கட்கிழமை காலையில் கரும்பலகையில் இருபது வார்த்தையும் பொருளும் எழுதிப்போடுவேன். செவ்வாய்க்கிழமை டெஸ்ட். பிள்ளைகள் இருபதுக்கு இருபது வாங்குவார்கள், எனக்கும் பெருமையாக இருக்கும். ஒரு வருஷம் காலாண்டு லீவு முடிந்து வந்த அன்று, அதே இருபதைச் சொல்லாமல் கொள்ளாமல் கேட்டேன். வகுப்பிலேயே நன்றாகப் படிக்கிற பெண் நான்கு எழுதியிருந்தாள். அந்தத் தாளை வெகு நாள் வைத்திருந்தேன். குறை அவளிடம் இல்லை, நான் சொல்லிக்கொடுத்த விதத்தில் இருந்தது. உன் ஐம்பதில் ஏழெட்டு நிற்பதும் அதே கதைதான். உன் ஞாபகசக்திக்கு ஒன்றும் இல்லை.

மனப்பாடம் எவ்வளவு சீக்கிரம் கரைகிறது என்பதை எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மன் அறிஞர் தன்னையே சோதித்துப் பார்த்து 1885-இல் எழுதினார். பொருளே இல்லாத அசைகளை மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்தார். பெரும்பகுதி முதல் நாளிலேயே போய்விடுகிறது. அதற்குப் பிறகு மறதி மெதுவாகிறது. கரையத் தொடங்கும் நேரத்தில் ஒருமுறை திரும்பப் பார்த்துவிட்டால், அடுத்த தடவை இன்னும் நிதானமாகக் கரைகிறது. இதை உனக்கு நான் விளக்கவேண்டியதில்லை, உன் அப்பாவுக்குத் தெரியும். ஒரு போகத்துக்கு வேண்டிய தண்ணீர் முழுவதையும் ஒரே நாளில் வயலில் விட்டால் பயிர் அழுகும், மீதி வடிந்துபோகும். அதனால்தான் முறை வைத்து விடுகிறார்கள். வார்த்தைக்கும் முறைப்பாசனம்தான். இன்று படித்த ஆறை நாளைக்குப் பார். அப்புறம் மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினைந்தாம் நாள், முப்பதாம் நாள். ஐந்து முறை வந்துபோன வார்த்தை அநேகமாக அப்படியே தங்கிவிடும்.

இதற்கு ஆப் வாங்கவேண்டியதில்லை. வீட்டில் பழைய கல்யாணப் பத்திரிகைகள் கிடக்கும். தை பிறந்துவிட்டது, இன்னும் வரும். அதன் வெள்ளைப் பக்கத்தைச் சீட்டுக்கட்டு அளவில் கத்தரித்துக்கொள். ஒரு ஸ்வீட் டப்பாவில் அட்டை வைத்து ஐந்து அறையாகத் தடு. புதுச் சீட்டு முதல் அறையில் இருக்கட்டும். சரியாகச் சொன்னால் அடுத்த அறைக்குப் போகும். தப்பாகச் சொன்னால் எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்கே திரும்பிவரும். முதல் அறையைத் தினமும் பார்க்கவேண்டும், பின்னால் போகப்போக இடைவெளி கூடும். லைட்னர் என்ற ஜெர்மன் பத்திரிகையாளர் 1970-களில் பரப்பிய முறை இது. இன்று காசு வாங்கும் ஆப்களில் பல இதே ஏற்பாட்டைத்தான் திரையில் செய்கின்றன. தவிர, கையால் எழுதிய சீட்டு உன்னுடையது. செல்போனைக் கையில் எடுத்தால் வார்த்தையைத் தவிர மற்றதெல்லாம் கண்ணில் படும்.

சீட்டில் என்ன எழுதுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 'ரிலக்டன்ட்' என்ற வார்த்தையை எடுத்துக்கொள்வோம். இங்கே நான் தமிழ் எழுத்தில் எழுதுகிறேன், நீ சீட்டில் ஆங்கில எழுத்திலேயே எழுது. உன் புத்தகத்தில் 'விருப்பமற்ற' என்று போட்டிருக்கும். அதை அப்படியே மனப்பாடம் செய்தால் 'பிடிக்காது' என்ற அர்த்தத்தில் மனதில் பதிந்துவிடும். தேர்வில் 'ஹேட்ஃபுல்', 'ஹெசிடன்ட்' இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் தவறானதைத் தொடுவாய். இப்போது ஒரு காட்சியை நினைத்துக்கொள். அக்கா கல்யாணத்துக்காக அப்பா ரோட்டோரத்து இரண்டு மா நிலத்தை விற்கிறார். வேண்டாம் என்று சொல்லவில்லை, கையெழுத்தும் போடுகிறார். ஆனால் மனசில்லாமல் போடுகிறார். அந்த 'மனசில்லாமல்'தான் ரிலக்டன்ட். சீட்டின் முன்பக்கம் வார்த்தை. பின்பக்கம் அதை நீ எந்த வாக்கியத்தில் பார்த்தாயோ அது, அதற்குக் கீழே உன் வீட்டைப் பற்றி நீயே ஆங்கிலத்தில் எழுதிய ஒரு வாக்கியம், ஓரத்தில் வீட்டில் பேசுகிற தமிழில் பொருள். அகராதித் தமிழ் வேண்டாம்.

உன் மாமா பையனிடம் சண்டைக்குப் போகாதே. ஆனால் அவன் சொன்னது தப்பு என்பதை நீ தெரிந்துகொள்ளவேண்டும். நல்ல தமிழ் தெரிந்த பிள்ளைக்கு வார்த்தைகளின் நிறம் தெரியும். 'ஃப்ரூகல்', 'ஸ்டின்ஜி' இரண்டுக்கும் பட்டியலில் 'குறைவாகச் செலவழிப்பவர்' என்று போட்டால் வித்தியாசம் போய்விடும். நமக்குச் சிக்கனமும் கஞ்சத்தனமும் வேறு வேறு என்று ஐந்து வயதிலேயே தெரியும். ஃப்ரூகல் பாராட்டு, ஸ்டின்ஜி திட்டு. அவ்வளவுதான். தேர்வில் இப்படிப்பட்ட இடங்களில்தான் பிள்ளைகள் வழுக்குகிறார்கள், உனக்கு அங்கே கால் ஊன்ற ஒரு மொழி இருக்கிறது.

இனி நான் சொல்ல ஆசைப்படுகிற விஷயம். உன் ஊர் ஒரத்தநாட்டுப் பக்கம் என்றால் ஜி.ஏ. கால்வாயைப் பார்க்காமல் நீ வளர்ந்திருக்க முடியாது. புது ஆறு என்பார்கள் உங்கள் பக்கம். அந்த 'ஜி.ஏ.' என்ன என்று யோசித்திருக்கிறாயா? கிராண்ட் அனிகட். கல்லணைக்கு வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர். அனிகட் என்பது ஆங்கில அகராதியில் இருக்கும் வார்த்தை, அது நம்முடைய 'அணைக்கட்டு'. 1830-களில் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் கட்டியது அப்பர் அனிகட், கொள்ளிடத்தில் அணைக்கரையில் கட்டியது லோயர் அனிகட். நீ பயப்படுகிற மொழிக்குள் உன் வாய்க்கால் கரை வார்த்தை ஒன்று ஏற்கெனவே போய் உட்கார்ந்திருக்கிறது. கட்டுமரமும் அப்படித்தான் 'கட்டமரான்' ஆகிப் போனது.

அது மட்டுமில்லை. ஆங்கிலத்துக்கு லத்தீனிலிருந்து வந்த எத்தனையோ வார்த்தைகள் தண்ணீரிலிருந்து பிறந்தவை. 'ரைவல்' என்றால் போட்டியாளர். அதன் வேர் லத்தீனில் 'ரீவுஸ்', ஓடை. ஒரே ஓடையில் தண்ணீர் எடுப்பவர்கள்தான் ரைவல். இதைக் கேட்டதும் உனக்கு மடைக்கு முன்னால் மண்வெட்டியோடு நிற்கிற இரண்டு பேர் ஞாபகத்துக்கு வரவில்லையா? 'டெரைவ்' என்பதும் அதே ஓடைதான். ஓடையிலிருந்து தண்ணீரைப் பிரித்துக் கொண்டுவருவது. கணக்கில் சூத்திரத்தை டெரைவ் செய் என்கிறார்களே, ஒன்றிலிருந்து இன்னொன்றைப் பிரித்துக் கொண்டுவா என்றுதான் அர்த்தம்.

'உண்டா' என்றால் லத்தீனில் அலை. அதிலிருந்து 'இனண்டேட்', வெள்ளம் மேலேறி மூழ்கடிப்பது. 'அபண்டன்ட்', கரை வழியும் அளவுக்கு நிறைய இருப்பது. 'ரிடண்டன்ட்', வழிந்து வெளியே போன, இனித் தேவைப்படாத மிச்சம். மூன்றையும் தனித்தனியாகப் படித்தால் மூன்று சுமை. ஒரு குளத்தை நினைத்துக்கொண்டால் ஒரே படம். நிறைந்திருப்பது அபண்டன்ட், வழிந்து வீணாவது ரிடண்டன்ட், ஊருக்குள் வந்தால் இனண்டேட். ஐப்பசி, கார்த்திகை மழையில் சம்பா வயல் பயிர் தெரியாமல் மூழ்கியதை நீ பார்த்திருப்பாய். ஆனால் தேர்வில் வயலைப் பற்றிக் கேட்கமாட்டார்கள். 'அலுவலகம் புகார்களால் இனண்டேட் ஆனது' என்று வரும். அசல் வெள்ளத்தைப் பார்த்தவளுக்கு இந்தப் புகார் வெள்ளம் புரியாமலா போகும்?

அதனால் எதைப் படிப்பது என்ற கேள்விக்கு என் பதில்: உனக்கு ஏற்கெனவே விவரம் தெரிந்த விஷயத்தை ஆங்கிலத்தில் படி. கிளை நூலகத்தில் ஆங்கிலப் பேப்பரும் தமிழ்ப் பேப்பரும் இருக்கும். காவிரிச் செய்தி வந்த நாளில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள். நீர்வரத்து 'இன்ஃப்ளோ', தூர்வாருவது 'டீசில்டிங்', கடைமடை 'டெயில் எண்ட்', ஆற்றுப்படுகை மாநிலம் 'ரைபேரியன் ஸ்டேட்'. தட்டுப்பாடு 'ஸ்கேர்சிட்டி', இருப்பு குறைந்துகொண்டே போவது 'டிப்ளீட்'. 1990-இல் அமைத்த நடுவர் மன்றம் 'டிரிப்யூனல்', 2018-இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு 'வெர்டிக்ட்'. மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, ஜூன் 12-இல் திறப்பது வழக்கம் என்பதெல்லாம் உனக்கே தெரியும் என்பதால், தெரியாத வார்த்தையின் பொருளைச் சுற்றியிருக்கும் வாக்கியமே சொல்லிக்கொடுத்துவிடும். கிரிக்கெட் பிடித்தால் கிரிக்கெட் செய்தி, சமையல் பிடித்தால் சமையல். எதுவாக இருந்தாலும் தினமும் ஒரு செய்தி, இருபது நிமிஷம்.

உன் வேதியியல் புத்தகமும் ஒரு வார்த்தைச் சுரங்கம். தமிழில் இணைதிறன் என்று படித்திருப்பாய், ஆங்கிலத்தில் 'வேலன்சி'. அதன் வேர் வலிமை. 'ஈக்விவேலன்ட்' சம வலிமை, 'ப்ரிவேலன்ட்' மற்றதை மிஞ்சிப் பரவியிருப்பது, 'கன்வலஸ்' நோயிலிருந்து தேறி வலிமை திரும்புவது, 'ஆம்பிவேலன்ட்' இரண்டு பக்கமும் சம இழுப்பு, அதாவது இருமனம். எளிதில் ஆவியாகும் திரவம் 'வாலடைல்'. எளிதில் கொதித்துப்போகும் ஆளும் வாலடைல்தான், ஏறி இறங்கும் சந்தையும் வாலடைல்தான். வினையூக்கி 'கேட்டலிஸ்ட்', ஒரு மாற்றத்தைத் தூண்டிவிட்ட சம்பவத்தையும் அப்படியே சொல்வார்கள். மந்த வாயு 'இனர்ட்', அசைந்து கொடுக்காத ஆளும் இனர்ட். பாடத்தில் இப்படி ஒரு சொல் வரும்போதெல்லாம் ஒரு சீட்டு எழுதிவிடு. பொதுத்தேர்வுக்குப் படித்த மாதிரியும் ஆயிற்று.

வேரை மட்டும் நம்பினால் சில இடங்களில் கால் இடறும். பெட்ரோல் டேங்கர் லாரியின் பின்னால் 'ஹைலி இன்ஃப்ளேமபிள்' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பாய். 'இன்' என்றால் இல்லை என்று எண்ணி, எரியாதது என்று முடிவு கட்டினால் ஆபத்து. எளிதில் தீப்பிடிக்கும் என்று அர்த்தம். 'இன்வேல்யூபிள்' விலை போகாதது இல்லை, விலை மதிக்க முடியாதது. நம் வீட்டில் புழங்கும் ஆங்கிலமும் ஏமாற்றும். 'ரொம்ப ஃபீல் பண்றாங்க' என்றால் நமக்கு வருத்தம், ஆங்கிலத்தில் ஃபீல் என்பது எந்த உணர்வுக்கும் பொது. பார்க்க அழகாக இருப்பவனை ஸ்மார்ட் என்கிறோம், தேர்வில் அது பெரும்பாலும் புத்திசாலி.

தேர்வு அறையில் தெரியாத வார்த்தை வராமல் இருக்காது. மூவாயிரம் படித்தாலும் வரும். அப்போது என்ன செய்வது என்று வீட்டிலேயே பழகு. இதைப் படி: 'அவர் டாசிடர்ன் ஆன மனிதர், கேட்டதற்கு மட்டும் பதில் வரும். மகள் நேர் எதிர், வாய் ஓயாது.' டாசிடர்னை முன்பின் பார்க்காவிட்டாலும், அதிகம் பேசாதவர் என்று உனக்குத் தெரிந்துவிட்டது. பின்னால் வந்த விளக்கமும், 'நேர் எதிர்' என்ற சொல்லும் காட்டிக்கொடுத்துவிட்டன. ஆங்கிலப் பத்தியில் 'பட்', 'அன்லைக்', 'ஆல்தோ', 'தட் இஸ்' போன்ற சொற்கள் வரும்போது பென்சிலால் வட்டம் போட்டுப் பழகு. பொருள் திரும்புகிற இடமும் விளங்குகிற இடமும் அவைதான்.

மதிப்பெண் கணக்கையும் பார்த்துவிடலாம். 2025-இல் நடந்த முறைப்படி ஒரு தாளில் 50 கேள்வி, எல்லாமே கட்டாயம், 60 நிமிஷம். சரியான விடைக்கு 5, தவறுக்கு 1 குறையும். உன் பதினான்கைப் பற்றி நேராகவே சொல்கிறேன்: நான்கு விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே பன்னிரண்டு பதின்மூன்று சரியாகிவிடும். ஆகவே நீ இன்னும் தொடங்கவே இல்லை என்று எடுத்துக்கொள், தோற்றுவிட்டாய் என்று எடுத்துக்கொள்ளாதே. கண்ணை மூடிக்கொண்டு நான்கு கேள்விக்கு விடை போட்டால் ஒன்று சரி, மூன்று தவறு, கையில் நிற்பது 2. வேரையும் வாக்கியத்தையும் வைத்து இரண்டு விடைகளைத் தள்ளிவிட்டு அதே நான்கைப் போட்டால் இரண்டு சரி, இரண்டு தவறு, கையில் 8. பாதி தெரிந்தாலே இவ்வளவு வித்தியாசம். ஆகையால் பாதி தெரிந்த கேள்வியை விட்டுவிடாதே. திருச்சி சட்டப் பல்கலைக்கழகத்துக்கான கிளாட் நுழைவுத் தேர்வை இனி எழுதப்போகும் தோழிகள் இருந்தால் அவர்களுக்கும் இதைச் சொல். அங்கே ஒரு கேள்விக்கு 1, தவறுக்குக் கால். அந்தத் தேர்வு முழுக்கப் பத்தி படித்து விடை சொல்வதுதான்.

மார்ச்சில் பொதுத்தேர்வு இருக்கிறது, அதற்குத்தான் முதலிடம். அது முடியும்வரை காலையில் பத்து நிமிஷம் டப்பா, சாயங்காலம் ஒரு செய்தி, அவ்வளவு போதும். அறுவடை நாளில் வயலுக்குச் சோறு கொண்டுபோக வேண்டியிருந்தால் புதுச் சீட்டு எழுதாதே, பழையதை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு போ. பொதுத்தேர்வு முடிந்ததும் வாரத்துக்கு இரண்டு மாதிரித் தேர்வு எழுது. கடைசிப் பத்து நாள் புது வார்த்தை வேண்டாம். நூறு நாள் ஆறு ஆறாகப் படித்தால் அறுநூறு. மூவாயிரம் கண்ணில் பட்டு மறந்ததைவிட, எழுப்பிக் கேட்டாலும் சொல்கிற அறுநூறு பெரிது. அந்தத் தடிப் புத்தகத்தைத் தூக்கிப்போடாதே, செய்தியில் பார்த்த வார்த்தை அதில் இருக்கிறதா என்று தேடிப் பார்க்க வைத்துக்கொள்.

ஏப்ரல் முதல் வாரம் ஒரு மாதிரித் தேர்வு எழுதிவிட்டு எனக்குக் கடிதம் போடு. எத்தனை சரி என்பதோடு, தவறாகப் போட்ட கேள்விகளையும் நீ தொட்ட விடையையும் எழுதி அனுப்பு. எங்கே தடுமாறுகிறாய் என்று அதைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். சீட்டுகளில் உனக்குப் பிடித்த ஒன்றையும் கூடவே வைத்து அனுப்பு.